கல்லறையில் பூத்த கள்ளி

நடுப்பகல். கல்லறைத் தோட்டத்து மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. நான் முழங்காலில் நின்று, ஒரு கள்ளிச் செடியின் உச்சிக்கு மேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கையில் மெல்லிய தூரிகை. இடது கையில் தலைவலித் தைலச் சிமிழ் ஒன்று, கழுவிக் காயவைத்தது.

செடியின் உச்சியில் பஞ்சு போல ஒரு நரை. அதற்குள் பாதி புதைந்தபடி மஞ்சள் பூக்கள் ஐந்து விரிந்திருந்தன. தூரிகையால் மெல்லத் தொட்டால் நடுவிலுள்ள கேசரங்கள் எல்லாம் ஒன்றாக உள்ளே வளையும். அந்த நேரத்தில் மகரந்தத்தை வழித்துச் சிமிழில் தட்ட வேண்டும். வெயில் கண்ணைக் குத்தியது. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

"பயப்படாத மகள்."

நிழல் முதலில் வந்தது, குரல் பிறகு. எமிலியாக்கா. கடற்கரையில் ஓலை வாடி போட்டுக் கருவாடு காயவைப்பவர். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் எமிலியாக்காதான். கள்ளி நின்ற கல்லறை அவருடைய மகன் நிக்சனுடையது.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்றார்.

சிமிழை மூடி உள்ளங்கைக்குள் மறைத்தேன். கல்லறையில் களவெடுத்துப் பிடிபட்டவள் வேறு என்ன செய்வாள்?

"முதலே என்னட்டச் சொல்லியிருக்கலாம் தானே?"

"நீங்க ஏசுவீங்க எண்டு பயந்தன் அக்கா."

"நான் ஏன் ஏசப்போறன்? எனக்குச் சந்தோசம் தானே."

தோளில் கிடந்த துவாயால் என் முகத்தைத் துடைத்தார். துவாயில் உப்பும் கருவாடும் மணத்தன. "போ மகள். ஆக்கள் காண முதல் போ" என்று படலையைத் திறந்துவிட்டார்.

எவ்வளவு நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். அவர் எதற்காகச் சந்தோசப்பட்டார் என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் விளங்கியது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

பன்னிரண்டு உருண்டைகள்

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் கற்பிட்டிக் கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலோரக் களப்பு நீரின் மேல் பலகையில் ஓடுகிறவர்கள். கச்சான் காற்று எங்கள் ஆட்களைக் கரையில் கட்டிப்போடும் மாதங்கள்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். அவர்களுக்காக எழும்பிய ஹோட்டல்களில் ஒன்றில் எனக்கு வேலை. நாற்றுமேடைக்குப் பொறுப்பு.

அந்த ஹோட்டலின் முன் முற்றத்தில் ரோசா வைத்தார்கள், செத்தது. செவ்வரத்தை வைத்தார்கள், உப்புக் காற்றில் கருகியது. கடைசியில் மனேஜர் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து பன்னிரண்டு பீப்பாய்க் கள்ளிகளை வரவழைத்தார். தண்டு உருண்டை, அதில் நெடுக்காக ஓடும் வரம்புகள், வரம்பு முழுக்கப் பொன்னிற முள். எங்கள் ஊரில் அதற்கு முள்ளுப் பூசணி என்று பெயர் விழுந்துவிட்டது. பாலைவனத்துச் செடி. ஒரு வருடத்தில் வளர்வது ஒரு விரல் தடிப்புக்குள்தான் இருக்கும். அதனால்தான் அவ்வளவு விலை.

வேலைக்கு வந்த முதல் வாரமே மனேஜரிடம் சொல்லிவிட்டேன்: "இதை வெளியில வாங்கத் தேவையில்லை சேர். நான் இங்கேயே நூறாக்கித் தருவேன்." விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வாய் அப்படிப் பேசியது.

இந்தக் கள்ளி தானாகக் குட்டி போடுவது அரிது. உச்சியைச் சீவிவிட்டால், மேலே வளர வழியில்லாமல் பக்கங்களில் குட்டிகள் அரும்பும் என்று படித்திருந்தேன். ஒன்றின் உச்சியைச் சீவினேன். வெட்டுவாய் காயும்வரை ஈரம் படக்கூடாது. நான் வெட்டிய நாலாம் நாள் விடிய விடியக் கடற்பனி கொட்டியது. இரண்டு வாரத்தில் செடி உள்ளே அழுகி, அவித்த பூசணி போலக் குழைந்து சரிந்தது.

மனேஜர் வந்து பார்த்தார். "நூறாக்கச் சொன்னா பதினொன்றாக்கிட்டீங்களே மிஸ்."

சமையற்காரர் ரஹீம் நானா அன்று முழுவதும் என்னைக் காணும்போதெல்லாம் பத்து விரலையும் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

மிச்சம் பதினொன்றும் அந்த வருடம் பூத்தன. ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்கு என்று, பூத்த நாளெல்லாம் மத்தியானச் சாப்பாட்டை விட்டுத் தூரிகையோடு திரிந்தேன். மூன்று மாதம் காத்திருந்து காய்களைப் பிடுங்கினேன். எல்லாம் வெறும் கூடு. ஒரு விதை இல்லை.

மலைநாட்டுத் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் சிரித்தே விட்டார். "எல்லாம் ஒரு தாய்ச் செடியில வெட்டி எடுத்த குட்டிகள் மிஸ். தன்ர மகரந்தத்துக்கு அது விதை வைக்காது."

அப்போதுதான் தலையில் உறைத்தது. பதினொரு செடியல்ல, பதினொரு இடத்தில் நிற்கும் ஒரே செடி. விதை வேண்டுமென்றால் வேறு தாயின் வழிவந்த கள்ளி ஒன்று பூக்க வேண்டும், அதுவும் அதே நாட்களில்.

அடுத்த பருவம் தொடங்கியபோது மனேஜர் தீர்மானமாகச் சொன்னார்: இந்தப் பருவம் முடிவதற்குள் நாற்றுமேடையில் ஏதாவது முளைக்காவிட்டால் அந்த இடம் வாகனம் நிறுத்த. எனக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும் பகுதியில் வேலை.

எங்கள் வீட்டு மேசை

படுக்கை விரிப்பு மடிப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. என் மச்சாள் அந்த வேலைதான் செய்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் மேசை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இது விளங்காது.

அப்பாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். அண்ணன்மார் இருவரும் ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு இறங்கினார்கள். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததும் அப்பா பழைய வள்ளத்துப் பலகையில் மேசை செய்வித்தார். எவ்வளவு சீவியும் மழைக்காலத்தில் அது கடல் மணக்கும். நான் அதில் இருந்தால் வானொலி நிற்கும். அம்மா சட்டியைச் சத்தமில்லாமல் இறக்குவார். அண்ணன்மார் முற்றத்துக்குப் போய்க் கதைப்பார்கள். கடும் நோயாளி ஒருவர் படுத்திருக்கும் வீடு போல.

நான் படித்து முடித்தேன். அந்தப் பழக்கம் மட்டும் முடியவில்லை. இன்றைக்கும் நான் உள்ளே வந்தால் கதை குறைகிறது. ஏதோ பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எனக்கு இடம்விட்டு எழும்புகிறார்கள். "என்ன பகிடி?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல, சும்மா" என்கிறார்கள். ஹோட்டலிலோ, என்னோடு ஒரே மணலில் விளையாடிய பெண்கள் என்னை மிஸ் என்கிறார்கள். ஒருநாள் ஒருத்தியிடம், "ஏனடி மிஸ் எண்டுறாய்?" என்று கேட்டேன். "இல்ல மிஸ்" என்றாள்.

மேசையில் இருந்து எழும்பிப் போனவள் ஒன்றும் முளைக்கவைக்காமல் திரும்பி வந்தாள் என்று ஆகக்கூடாது. அந்த வருடம் எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

மூன்று மத்தியானம்

ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த சில நாட்களில் ஒரு முதியவரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். பங்குச் சுவாமி செபம் சொல்ல எல்லோரும் தலை குனிந்தார்கள். குனிந்த இடத்தில், இரண்டு கல்லறை தள்ளி, ஒரு முள்ளுப் பூசணி. குடத்தைவிடப் பெரியது. முட்கள் ஹோட்டல் செடிகளினதைவிட நீளம், நிறமும் கொஞ்சம் வெளிறியது. வேறு தாய்! உச்சி நரைக்குள் சிறு மொட்டுகள் முட்டிக்கொண்டிருந்தன. செபத்தில் என் மனம் நிற்கவில்லை. இறந்தவர் மன்னிக்கட்டும்.

அந்தக் கள்ளி அங்கே வந்த கதை ஊருக்கே தெரியும். எமிலியாக்கா முன்பு இறால் பண்ணை முதலாளி ஒருவரின் பங்களாவில் சமைத்தார். இறாலுக்கு நோய் வந்து பண்ணை மூடப்பட்டதும் முதலாளி போய்விட்டார். முற்றத்தில் கிடந்த கள்ளியை எமிலியாக்கா தள்ளுவண்டியில் ஏற்றி வந்தார். நிக்சனுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

பின்னர் ஒரு கச்சான் காலத்தில், போகாதே என்று கரையில் நின்றவர்கள் சொல்லியும், நிக்சன் வலை எடுக்கப் போனான். இருபத்திரண்டு வயது. மூன்றாம் நாள் வள்ளம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. அவன் வரவில்லை. கல்லறைக்குள் அவன் உடுத்தும் சேட்டு ஒன்றையும் சாரம் ஒன்றையும் வைத்து மூடினார்கள். எமிலியாக்கா வைத்த பூச்செடிகள் எல்லாவற்றையும் ஆடு தின்றது. கடைசியில் ஆடு தின்னாததைக் கொண்டுபோய் நட்டார்.

அவனை எனக்குத் தெரியும், ஊரில் எல்லோரையும் தெரிவது போல.

எமிலியாக்காவிடம் போய் முறையாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்லறையிலிருந்து பூவோ மண்ணோ எதுவும் வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மகரந்தம் என்றால் என்ன, அது ஏன் வேண்டும் என்று நான் விளக்க, அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தேன். அது என் படிப்பின் திமிர். வேறு பெயர் அதற்கு இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. இந்தப் பூ சூரியன் உச்சிக்கு வந்தால்தான் முழுதாக விரியும். பின்னேரம் சுருங்கிவிடும். ஆனால் உச்சி வெயிலில் குமர்ப்பெண் கல்லறைப் பக்கம் போவது எங்கள் ஊரில் ஆகாத காரியம். அம்மா அறிந்தால் அன்றைக்கே கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தீர்த்தம் தெளிக்கச் சொல்லியிருப்பார். நல்ல வேளை, அதே நம்பிக்கையால் அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் வருவதில்லை. பன்னிரண்டு மணிக்குப் போய், ஒரு மணிக்குள் ஹோட்டலுக்கு வந்து, விரிந்திருந்த பூக்களில் மகரந்தத்தைத் தடவினேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் யாரும் காணவில்லை என்றே நினைத்தேன். மூன்றாம் நாள்தான் அந்த நிழல் வந்தது.

வேறு படம்

பத்து நாள் கழித்து எமிலியாக்கா ஹோட்டலின் பின் படலைக்கு வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய கட்டாக் கருவாடு. துவாய்க்குள்ளிருந்து பொலித்தீன் உறையொன்றை எடுத்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படம். நிக்சன் காதுவரை தலைமுடியை வாரி இழுத்து, மூச்சை அடக்கியவன் போல விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதில அவன் சிரிக்கல" என்றார். "என்னட்ட இது ஒண்டுதான். உன்னட்ட வேற படம் இருக்கா மகள்?"

"என்னட்டயா?"

"வெக்கப்படாத. நான் எடுத்துக்கொண்டு போக மாட்டன். ஒருக்காப் பாத்துட்டுத் தாறன்."

அந்த நிமிடம்தான் நான் என்னை அவருடைய கண்ணால் பார்த்தேன். ஆகாத நேரத்தில், களவாக ஒரு இளந்தாரியின் கல்லறைக்கு வந்தவள். முழங்காலில் நின்றவள். கன்னத்தில் நீர் வழிந்தவள். பிடிபட்டதும், நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்தேன் என்று சொன்னவள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இல்ல அக்கா" என்றேன்.

படம் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். உங்கட வீட்டில படம் வச்சிருக்கவும் ஏலாது தானே" என்று என் கையைத் தடவிவிட்டுப் போனார்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படலைவரை போனேன். அவர் மணலில் நடந்துகொண்டிருந்தார். எப்போதும் குனிந்து நடப்பவர், அன்று நிமிர்ந்து நடந்தார். நான் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமைகள்

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். நாற்றுமேடை நிழலில் கவிழ்த்த வாளியில் இருப்பார். நிக்சனுக்குப் பேக்கரிப் பாணில் கரைப்பகுதிதான் பிடிக்கும். நிக்சன் சின்ன வயதில் ஆமைக் குஞ்சு ஒன்றைச் சாரத்துக்குள் வைத்துப் பூசைக்குக் கொண்டுபோனான். நிக்சன் தூக்கத்தில் சிங்களத்தில் கதைப்பான். சிலாபத்தில் ஒரு பருவம் வேலை செய்தபின் வந்த பழக்கம். "உனக்குச் சொல்லியிருப்பான்" என்பார் இடைக்கிடை. நான் குனிந்து மண்ணைக் கிளறுவேன்.

வீட்டில் அம்மா கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எமிலி ஏன் உனக்குக் கட்டா தாறா? அவ கஞ்சத்தனமா வித்துப் பிழைக்கிறவ."

"கன்று ஒண்டு கேட்டவங்க அம்மா."

"முள்ளுக் கன்றா? அதுக்கு இவ்வளவு கருவாடா?"

எனக்கு இரக்கம், அதனால் சொல்லவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி இது: என்னைத் தேடி ஒருவர் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதையைக் குறைக்காமல், கூட்டிய ஒருவர். வெள்ளிக்கிழமை பின்னேரமே நான் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கத் தொடங்கியிருந்தேன். உரிமையில்லாத கதிரையில் இருக்கிறோம் என்று தெரிந்தது. எழும்ப மனம் வரவில்லை.

மண் சமைத்தது

கச்சான் தணியும் காலத்தில் காய்கள் பழுத்தன. முள்ளுக்குள் விரலை விட முடியாது. சாமணத்தால் ஒவ்வொன்றாக இழுத்தேன். முதல் காயின் அடி திறந்து, கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று விதைகள் தாளில் உருண்டன. நான் தும்மல் வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

விதைக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். அரித்த ஆற்று மணலும் கரித்தூளும் கலந்து, ஹோட்டல் சோற்றுப் பானை ஒன்றில் அவித்தேன். புத்தளத்துத் தில்லையடியில் இருந்து வரும் ரஹீம் நானா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மிஸ், மண்ணு அவிஞ்சா? உப்புப் பாக்கவா?"

"கொஞ்சம் பொறுங்க நானா. இன்னும் பதம் வரல்ல."

"வெள்ளக்காரனுக்கு இதையும் வச்சுக் குடுத்தா, 'நைஸ், நைஸ்' எண்டு திம்பான். எண்ட பானைய மட்டும் நீங்களே கழுவித் தந்துருங்க, அல்லாவுக்காக."

ஆறிய மண்ணைத் தட்டில் பரப்பி, விதையை மேலே தூவி, மூடாமல் மெல்ல அழுத்தினேன். எங்கள் கிணறு உவர். அதனால் கூரைப் பீலியில் பிடித்து வைத்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஆற்றித் தெளித்தேன். மேலே பொலித்தீன். பிறகு பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் வேலை.

ஒன்பதாம் நாள் காலை மண்ணில் பச்சைப் புள்ளிகள். கண்ணை நெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன முத்து. நாற்றுமேடையில் நான் மட்டும் நின்றேன். சத்தம் போட வேண்டும் போல இருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

மனேஜர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "இதுதானா? முற்றத்தில வைக்க எப்ப பெரிசாகும்?"

"பதினைந்து வருசம், சேர்."

அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முளைத்தது முளைத்ததுதான். வாகனங்கள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. இதை எழுதும் இன்று, பூஞ்சணத்துக்குப் போனது போக மிஞ்சியவை பட்டாணி அளவில் இருக்கின்றன. முள்ளும் வந்துவிட்டது.

இந்த முறை நீயும் நில்லு

கல்லறைத் திருநாள் நெருங்கியது. நவம்பர் தொடக்கத்தில் ஊர் முழுவதும் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைச் சுற்றி நிற்கும் நாள். எமிலியாக்காவின் புருசன் எப்போதோ விட்டுப் போனவர். அக்கா வருடா வருடம் தனியாகவே நிற்பார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை வாளியில் இருந்தபடி சொன்னார்: "இந்த முறை நீயும் என்னோட நில்லு மகள். எல்லாரும் பாக்கட்டும். எத்தின நாளைக்கு ஒளிப்பாய்? உங்கட அம்மாட்ட நான் கதைக்கிறன்."

நின்றால், நிக்சனின் பெண் என்று ஊர் என்னை எழுதிவிடும். அதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். ஆனால் அந்தத் தாய், முழு ஊருக்கும் முன்னால், என் பொய்யின் பக்கத்தில் திரியோடு நிற்பார். இதுவரை நான் வாயால் பொய் சொன்னது அம்மாவுக்கு மட்டும்தான். அங்கே போய் நின்றால் காலும் கையும் சொல்லும்.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், முளைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாடிக்குப் போனேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எமிலியாக்கா பாயில் கிடந்த கருவாட்டை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார். தட்டைப் பலகையில் வைத்துவிட்டு நானும் அள்ளினேன். அள்ளிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் அண்டைக்குப் பூவுக்காகத்தான் வந்தனான். அதின்ட மகரந்தத்துக்கு. இந்தா, இது அதில இருந்து வந்ததுதான். வேற ஒண்டும் இல்ல. நிக்சனுக்கும் எனக்கும் ஒண்டும் இருக்கல்ல."

அவருடைய கை நிற்கவில்லை. ஒரு பாய் முழுவதும் அள்ளி முடித்தார்.

"அழுதாயே?"

"வெயில் அக்கா."

"முழங்கால்ல நிண்டாய்."

"பூ கீழ இருந்தது."

"மூண்டு நாளும் வந்தாய். நான் முதல் நாளே கண்டனான், உள்ளுக்கு வரல்ல."

"பூ மூண்டு நாள்தான் விரியும்."

ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து பறித்தேன். ஏசியிருந்தால் நல்லது. ஏசவில்லை. நிமிர்ந்து கடலைப் பார்த்தார். முதல் துளிகள் மணலில் விழுந்தன. எங்கள் இருவரின் கையிலும் கருவாடு இருந்தது.

"அப்ப அவன உனக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அது வந்தது. இத்தனை மாதம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்ததில், என்னிடமும் ஒன்று இருந்ததை நான் தேடிப் பார்க்கவே இல்லை.

"ஒருநாள் கதைச்சவன்" என்றேன். "பஸ்ஸில. நான் பத்தாம் வகுப்பு. விடியக்காலை புத்தளம் பஸ். அவன் மீன் கூடையோட ஏறினவன். பாலாவிச் சந்தியில பஸ் பிறேக் போட, கூடைத் தண்ணி எல்லாம் என்ட வீட்டுப்பாடக் கொப்பியில ஊத்திப்போட்டுது. எனக்கு அழுகை வந்திட்டுது. அவன் தன்ட சேட்டைக் கழட்டிக் கொப்பியத் துடைச்சான்."

"சேட்டைக் கழட்டியா? பஸ்ஸுக்குள்ளயா?"

"ஓம். பஸ்ஸில எல்லாரும் சிரிச்சாங்க. துடைச்சுத் தந்துட்டுச் சொன்னான்: 'அழாத கொப்பிக்காரி. மீன் நாத்தம் அடிச்சா டீச்சர் கிட்ட வரமாட்டா. பிழையும் பிடிக்கமாட்டா.'"

எமிலியாக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு.

"அப்பிடியா சொன்னான்?"

"அப்பிடித்தான்."

"பொய் இல்லயே?"

"சத்தியமா இல்ல அக்கா."

மழை பிடித்துக்கொண்டது. கருவாட்டுக் கூடையையும் முளைத் தட்டையும் வாடிக்குள் இழுத்தோம். ஓலைக்கூரையின் கீழ் தோள் முட்ட நின்றோம். அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார், தன்னுடைய முகத்தை மட்டும்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன். பாலாவிச் சந்தியிலிருந்து தொடங்கச் சொன்னார். மீண்டும் அங்கிருந்து தொடங்கினேன். மூன்றாம் முறை 'அழாத கொப்பிக்காரி' என்று நான் எடுத்தபோது, அவரும் சேர்ந்து சொன்னார்.